ஆசாரி மரம்

நான் சொல்றதுல எங்கயாவது பிசகிடுமோன்னு பயமா இருக்கு. அஞ்சாப்போட படிப்பை நிறுத்துனவ நான். அதுலயும் இது எங்க வீட்டு மானம் போன கதை. கூடச் சொன்னா பொய்யாயிடும், குறைச்சுச் சொன்னா மறைச்சதாயிடும். எங்க அத்தை சொன்னபடியே சொல்லிடறேன். தப்பிருந்தா என்னைய வையாதீங்க.

வெள்ளைக்காரத் துரை ஒருத்தரு நம்ம ஓடைக்குளத்துப்பட்டியில தோல் ஷாப் வச்சிருந்த காலமாம். தோலைப் பதப்படுத்த அப்ப ஆவாரம் பட்டைதான். துரை என்ன பண்ணாரு, கடலுக்கு அந்தாண்ட தென்னமெரிக்காவுல ஒரு மரம் இருக்கு, அதோட கட்டையில இதை விடத் துவர்ப்பு ஜாஸ்தின்னு விதை கொண்டாந்து ஷாப் வாசல்ல நட்டாராம். ஒரு பை விதையில முளைச்சது ஒண்ணே ஒண்ணாம்.

அந்த வாசலைக் கூட்டுனவ எங்க பூட்டி ஒச்சம்மா. அப்பப் பத்து வயசு. துரை அவளைக் கூப்பிட்டு, “ஒச்சம்மா, இந்த மரம் பேர் கெப்ராச்சோ. சொல்லு”ன்னாராம். இவ, “கெபுராசு”ன்னாளாம். துரை சிரிச்சுக்கிட்டே, “அர்த்தம், கோடாலி முறிக்கும்! அந்த ஊர் ஆள் வச்ச பேர்”னு கையை வீசிக் காமிச்சாராம். அது அவளுக்கு மறக்கவே இல்லையாம்.

துரை போனாரு. மரம் வளந்துச்சு. மெதுவா, மெதுவா வளந்துச்சாம். ஒச்சம்மாவும் வளந்து, மரம் வெட்டுற பெருமாண்டியைக் கட்டி, மூணு புள்ளையும் பெத்துட்டா.

அப்ப ஷாப்பை வாங்குன புது முதலாளி, அந்த மரத்தை வெட்டச் சொன்னாராம். பெருமாண்டி அதுக்குன்னு புதுக் கோடாலி வாங்குனாரு. அடிச்சுக் குடுத்தது முத்துவீரு ஆசாரி. அவர் அடிச்ச இரும்புன்னா சுத்துப்பட்டி பூரா பேரு.

புருசன்கிட்டச் சொல்லிடலாமான்னு ஒச்சம்மா நினைச்சாளாம். சொன்னா, “துரைகூட உனக்கென்னடி பேச்சு?”ன்னு கேப்பாரே. சொல்லல. கேட்டா கேட்டுட்டுப் போறாருன்னு உங்களுக்குத் தோணும். அவ இடத்துல நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு வெட்டு வெட்டுனாராம், டங்குன்னுச்சாம். ரெண்டு வெட்டு வெட்டுனாராம், டங்குன்னுச்சாம். மூணாவது வெட்டுல கோடாலிக்கு வாய் போச்சு. தெறிச்ச துண்டு பெருமாண்டி கெண்டைக்கால்ல ஏறிடுச்சு.

“யோவ் ஆசாரி! இரும்பை நீ தின்னுட்டுத் தகரத்தையா அடிச்சுக் குடுத்த?”ன்னு பெருமாண்டி, வேடிக்கை பாக்க வந்திருந்த ஆசாரியைப் பாத்துக் கத்துனாராம்.

கூட்டத்துல ஒருத்தன், “கையில தெம்பு போச்சுன்னா உலையை மூடிட்டு ஆடு மேய்க்கப் போறது!”ன்னானாம். எல்லாரும் சிரிச்சாங்களாம்.

ஆசாரி சிரிக்கல. “என் இரும்பு மேல குத்தமில்லைய்யா. இது நம்ம சீமை மரமும் இல்ல. விவரம் தெரிஞ்சவங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இது என்ன மரம்?”

மூணு தடவை கேட்டாராம். இது என்ன மரம்? இது என்ன மரம்? இது என்ன மரம்? ஒச்சம்மா இடுப்புல தண்ணிக் குடத்தோட அங்கதான் நின்னாளாம். கோடாலிக்கு வாய் போச்சு. எங்க பூட்டிக்கு வாய் இருந்துச்சு. திறக்கல.

அப்புறம் ஆசாரிகிட்ட ஒருத்தரும் ஒரு ஏர்க்கொழு கூட அடிக்கக் குடுக்கலையாம். உலைத் துருத்தியைத் தலையில வச்சுக்கிட்டு ஊரை விட்டே போயிட்டாரு.

மறு மாசம் டவுன்லேர்ந்து வேற கோடாலி வந்துச்சு. அதுக்கும் வாய் போச்சு. ஊரே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துச்சாம்.

ஒச்சம்மாவுக்குச் சோறு இறங்கல. விசாரிச்சு விசாரிச்சு நடந்தா. நத்தம் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில ஆசாரி மாட்டுக்கு லாடம் அடிச்சுக்கிட்டு இருந்தாராம்.

“அந்த மரத்துப் பேரு எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. கோடாலிமுறிச்சான்னு அர்த்தம்.”

அவர் சுத்தியலை நிறுத்தலையாம். “மரம் கூட உண்மையைப் பேர்லயே வச்சுக்கிட்டுத்தான் நின்னிருக்கு. நீதான் தாயி மறைச்சிட்ட.”

அவ்வளவுதான். அவர் திரும்பி வரவே இல்ல.

இவ வந்து மரத்தடியில நின்னு, ஊரைக் கூட்டி எல்லாத்தையும் சொன்னா. பெருமாண்டி அடிக்கலையாம், வையலையாம். அவ மூஞ்சியப் பாக்காமலே வாய் போன கோடாலியை மரத்தடியில புதைச்சாராம்.

அதுலேர்ந்து அது ஆசாரி மரம். புதுசா வர்றவங்க ஆசாரி நட்ட மரம்னு நினைச்சுக்குவாங்க. எங்க வீட்டுக்குப் பேரு வாய்மூடி வீடு, அதுக்கு அர்த்தம் யாரும் கேக்கறதில்ல. இந்த ஊர்ல எந்த மரத்துல இரும்பு வைக்கிறதுன்னாலும் மூணு தடவை பேரு கேக்கணும். எங்க வீட்டுப் பொம்பளை ஒருத்தி முன்னால வந்து நின்னு சொல்லணும். இப்ப அது என் முறை.

போன மாசம் கரண்டுக் கம்பியில இடிக்குதுன்னு ஆசாரி மரத்துக் கிளையை வெட்ட மிஷின் ரம்பத்தோட ஆளு வந்தாங்க. வழக்கம் தெரியாத ஆளுங்க. எவனோ பேச்சுவாக்குல, “இது என்னக்கா மரம்?”னான். சொல்லி ரம்பம் உடைஞ்சா நான் வாய் வச்சதாலதான்னு சொல்லுவாங்க. சொல்லாம உடைஞ்சா ஒச்சம்மா பாவம் எனக்கும் வந்துடும். விடுவிடுன்னு வீட்டுக்குள்ள போனேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் வழியா மூணு தடவை கத்துனேன்: கோடாலிமுறிச்சான், கோடாலிமுறிச்சான், கோடாலிமுறிச்சான்.

“யாரு அது கத்துறது?”ன்னு கேட்டாங்க.

ஜன்னலையும் சாத்திட்டேன்.