திங்களில் இறுகும் பிறேக்

...இல்லை சிற்றம்பலண்ணை, பிடிக்காத பிறேக் எண்டாலும் ஒரு ஞாயம் இருக்கு. இது பிடிச்சா விடாத பிறேக். உங்கட கடை றப்பரைப் போட்டு இது மூண்டாந்தரம். நான் சண்டைக்கு வரேல்லை, முதல் அந்தக் கதிரையை இஞ்சால தள்ளுங்கோ. வெய்யிலுக்க நடந்து வந்து உள்ளங்கால் கொதிக்குது. ஓம், யூலிற்றாதான். மொறிஸ் மைனர் ஞானப்பிரகாசத்தின்ர மனிசி. புதுக்குடியிருப்பில அந்தக் காரைச் சொன்னாத்தானே எங்களைத் தெரியும்.

இவர் சொல்லுறார், சிற்றம்பலத்தார் பழைய றப்பரைத் தலையில கட்டிப்போட்டார் எண்டு. எங்கட மெக்கானிக் கொலின்ஸ் சொல்லுறான், றப்பர் புதுசுதான், ஆனா ஊதிப்போய்க் கிடக்கு எண்டு. றப்பர் ஊதினா, மிதியில இருந்து காலை எடுத்தாலும் பிறேக் சில்லை விடாதாம், சில்லு சுத்தாதாம். கழட்டிக் காட்டினவன், நானும் பாத்தனான். தோசைமா புளிச்ச மாதிரி உப்பிக்கொண்டு நிக்குது.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆக்களை ஏத்தி ஹயர் போன கதை கேள்விப்பட்டிருப்பியளே. இல்லையோ? ஹயர் பிடிச்ச நாகேஸ்வரி ரீச்சர் பொங்கல் பானையோட பின்னுக்கு. நான் முன்னுக்கு... ஹயர் எண்டாலும் முன்சீற் எனக்குத்தான், அதில கதை இல்லை. கேப்பாப்பிலவு தாண்டேக்க சில்லுக்குள்ளால புகை. கார் நகராது. பின்னால வந்த மாட்டுவண்டில் எங்களை முந்திப்போட்டு நிண்டுது. வண்டில்காரர் இறங்கி வந்து, "கயிறு தரட்டோ, கட்டி இழுப்பம்" எண்டு கேக்கிறார். ரீச்சர் பானையைத் தூக்கிக்கொண்டு வண்டிலில ஏறிப்போட்டா. இவர் அண்டு முழுக்க என்னோட முகம் குடுக்கேல்லை. நான் சிரிச்சுப்போட்டன், அதுதான் பிழை. சிரிப்பு வந்தா என்னண்ணை செய்யிறது, இப்ப நீங்களும் சிரிக்கிறியள்தானே.

லைனிங் மாத்தியாச்சு. ஸ்பிறிங் மாத்தியாச்சு. சில்லுக்குப் போற ஹோசும் மாத்தியாச்சு. புதுசு போட்டவுடன நல்ல பிள்ளையா ஓடும். திங்கட்கிழமை வந்தா இறுகும். இவர் சொல்லுறார், ஞாயிறு பூசைக்கு ஏறுற உன்ர சொந்தக்காரரின்ர பாரம் எண்டு. அவரின்ர தமக்கை ஏறினா மட்டும் கார் பறக்குதாக்கும்.

இதென்ன ரெண்டு பை? இது இங்கிலாந்துச் சாமான், இது இந்தியாவோ? கனநாள் கிடந்தது எண்டா காஞ்சு போயிருக்காதோ... பொறுங்கோ, மடிச்சுப் பாக்கிறன். வெடிப்பு இல்லை. விளிம்பும் மழுங்கேல்லை. விளிம்பு மழுங்கினா ஒயில் கசியும், அது எனக்குத் தெரியும். சரி, இதையே தாங்கோ. கெதியாத் தாங்கோ அண்ணை, அங்க கொலின்ஸின்ர கராச்சில முள்ளியவளை வீரபாகு ட்ரக்ரரோட வந்து நிக்கிறார். எங்கட எஞ்சினைக் கழட்டிக்கொண்டு போய் வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கப் போறாராம். இவரும் வெறுத்துப்போய் ஓமெண்டிட்டார். நான் றப்பரோட போனா கடைசியா ஒருக்காப் போட்டுப் பாப்பினம். பிந்தினா எஞ்சினைத் தூக்கிப்போடுவினம்.

அந்தக் காரின்ர பின்சீற்றிலதான் அண்ணை என்ர கலிஸ்ரா பிறந்தவள், ஆசுப்பத்திரிக்குப் போற வழியில. இடம்பெயர்ந்து வரேக்க ஒரு மாசம் அதுக்குள்ளதான் படுத்தெழும்பினனாங்கள். அதை வெங்காயத்துக்குக் குடுக்க எனக்கு வயிறு எரியுது.

ஆனா இந்தமுறை விடமாட்டன். இஞ்ச பாருங்கோ, இந்தப் போத்தலை. அந்தோனியார் கோயில் விளக்கில எரியிற எண்ணெய். ஞாயிறு பூசை முடிய ஃபாதரிட்டக் கேட்டு வாங்கிறனான். கலிஸ்ராவுக்குச் சளி எண்டா நெஞ்சில பூசுவன், கேக்கும். முதல் சில்லுகளிலதான் பூசினனான். பிறகு யோசிச்சன், வருத்தம் உள்ளுக்க இருக்கேக்க வெளியில பூசி என்ன பலன். ட்றைவர் கால் வைக்கிற இடத்தில பாயைத் தூக்கினா ஒரு மூடி இருக்கல்லோ, கொலின்ஸ் பிறேக் ஒயில் விடுற இடம்... அதுக்குள்ள விடுறனான். இவர் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா இடி விழுந்தாலும் எழும்பார். சண்டைக்குள்ள பிறேக் ஒயிலும் இப்ப இஞ்சால எங்க வருது? விளக்குக்கு விடுற மண்ணெண்ணெயில கார் ஓடேக்க, கோயில் எண்ணெயில பிறேக் வேலை செய்யாதோ? இண்டைக்குப் புதுசு போட்ட கையோட முழுப் போத்தலையும் விடப்போறன்.

என்னண்ணை மணந்து பாக்கிறியள். சுத்தமான தேங்காயெண்ணெய். ஓம், ஒவ்வொரு ஞாயிறும். ஒண்டும் தவறவிடேல்லை. நான் ஞாயிறு விட, திங்கள் அது வந்து...

பொறுங்கோ. ஞாயிறு நான் விட, திங்கள் அது இறுகுது.

தேங்காயெண்ணெயில றப்பர் ஊதுமோ அண்ணை? மந்திரிச்ச எண்ணெய்க்குமோ? அந்தோனியாரே, நீராவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.

அப்ப சைக்கிளை எடுங்கோ, நான் நடந்து போய்ச் சேர எஞ்சின் வெங்காயத்துக்க நிக்கும். உந்தப் பையையும் கொண்டு போங்கோ. கொலின்ஸிட்டச் சொல்லுங்கோ, பைப்பு வழிய கிடக்கிற எண்ணெய் எல்லாத்தையும் இறக்கிக் கழுவிப்போட்டு றப்பரைப் போடட்டும் எண்டு. இவரிட்டச் சொல்லாதேங்கோ... சரி, சொல்லுங்கோ. பேசினாப் பேசட்டும். எஞ்சினில மட்டும் கை வைக்க விடாதேங்கோ. கடையை நான் பாக்கிறன்.

போயிட்டார், செருப்பையும் போடாம.

வாங்கோ தம்பி. சிற்றம்பலண்ணை இப்ப வந்திடுவர், இதில இருங்கோ. வான் ட்றைவரோ நீங்கள்? நான் யூலிற்றா, மொறிஸ் மைனர் ஞானப்பிரகாசத்தின்ர... ஓம், அந்தக் கார்தான். பிறேக் றப்பர் பாக்க வந்தனீங்களோ? ஒருக்கா மடிச்சுப் பாக்கவேணும், விளிம்பு முக்கியம்... கொஞ்சம் விலத்துங்கோ, ஒரு ட்ரக்ரர் சத்தம் கேக்குது. வீரபாகுதான். பின்னால இழுக்கிற பெட்டி... பெட்டி வெறுமை தம்பி. எங்கட எஞ்சினை ஏத்தேல்லை. முகத்தைப் பாருங்கோ, எண்ணெய் குடிச்ச மாதிரி. இல்லை, இல்லை, எனக்கு ஒண்டுமில்லை, சந்தோசத்தில கண் கலங்கிப்போச்சு.

சரி, உங்கட அலுவலைப் பாப்பம். பிறேக் அடிக்கடி இறுகுதோ? அப்படியெண்டா றப்பர் பிறகு பாக்கலாம். முதல் ஒளிக்காமச் சொல்லுங்கோ, உங்கட வீட்டில கோயிலுக்குப் போறது ஆர்?