கையெழுத்துக்கு ஒரு ரூபாய்

சாரல் காலத்தில் தென்காசியில் புத்தகக் கடை நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. குளிக்க வருகிறவன் எண்ணெய் வாங்குவான், துண்டு வாங்குவான், புத்தகம் வாங்க மாட்டான். இருக்கிற தாளும் ஈரக்காற்றில் நமத்துப்போகும். அதனால்தான் இந்த ஆடியில் நாவலாசிரியர் ஆவுடையப்பனைக் கடைக்கு வரவழைத்தேன். 'புத்தகம் வாங்குவோருக்கு ஆசிரியர் கையெழுத்திட்டுத் தருவார்' என்று வாசலில் தட்டி வைத்தேன். வாடிக்கைக்காரர் வீடுகளுக்கு நானே நடந்து போய்ச் சொன்னேன். இந்தக் குத்தாலிங்கம் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் வந்தார்கள்.

அன்று காலையில் ஆவுடையப்பன் ஒரு கட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"இதுக்கெல்லாம் ஒரு ரூபா கூட வச்சு வித்திருங்க அண்ணாச்சி."

புத்தகமே இரண்டரை ரூபாய்தான். முதலில் வந்தவள் மேலகரத்து வடிவம்மாள், ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவருடைய நாவலில் வரும் பெண்ணின் பெயரைத் தன் மகளுக்கு வைத்தவள். விலையைச் சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"பரவாயில்ல அண்ணாச்சி, வெறும் புத்தகமே குடுங்க."

அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் என் தட்டியைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அவரைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போனேன். கீழே கூட்டம் என்று செண்பகாதேவி அருவிக்கு ஏறினோம். ஆசையாகக் கேட்கிறவர்களிடம் போய் விலை பேசலாமா என்று வழியெல்லாம் கெஞ்சினேன். அவர் கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கீழ எண்ணெய் தேய்க்குதவன் கைக்குக் கூலி குடுக்கீய. எழுதுத கைக்குக் குடுக்கக் கூடாதா?"

அவருடைய துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன்.

சாரல் வலுத்ததால் மேலே வேறு ஆள் இல்லை. அருவியின் கீழே தண்ணீர் தேங்கி நிற்கிற ஆழமான கசம். அதன் கரைப் பாறையில் அவர் வழுக்கி விழுந்தார். நான் தள்ளவில்லை. ஒருமுறை மேலே வந்து வலக்கையை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணாச்சி, பிடிங்க."

குனிந்தால் எட்டியிருக்கும். என் தோளில் அவருடைய துண்டும் கிடந்தது. விலை வைத்த கை அல்லவா என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த முறை கை மட்டும் தெரிந்தது. துண்டை மடித்துப் பாறைமேல் வைத்துவிட்டு இறங்கிவந்து பஸ் ஏறினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடையைத் திறந்தேன். வடிவம்மாள் மறுபடி வந்து நின்றாள். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி வந்திருந்தாள்.

"ரூபா கொண்டாந்துட்டேன் அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டதா மாத்திக் குடுங்க."

ஐந்து ரூபாய் கூட ஆகும் என்றேன்.

"காலையில ஒண்ணுதான சொன்னீய?"

"இனிமே அவரு போட மாட்டாரும்மா."

உடல் மறுநாள்தான் ஒதுங்கியது. அதற்கு முந்தின சாயங்காலமே எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் உங்களிடம் வந்து கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. கை நீட்டியவரை நான்தான் சாகவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வாசகர்களிடம் கையெழுத்துக்குக் காசு கேட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஐந்து ரூபாய், இனிமேல் கிடைக்காத சாமானுக்கு யாரும் வைக்கிற விலை.