பானு பக்கம் முப்பத்தொன்று

"படம் வரலைன்னுதானே கேம் பெட்டியைக் கொடுத்தேன்? சத்தத்தை எடுக்கச் சொன்னேனா?"

"உள்ளே இருந்தது பழைய ஃபேன், பானு. டிராக்டர் மாதிரி கத்துச்சு. அதான் புதுசு போட்டேன். காசுகூட வேண்டாம்னுட்டேன்ல..."

"உங்க புதுசை நீங்களே வச்சுக்குங்க. அந்தச் சத்தம் எனக்குத் திரும்ப வேணும்."

அந்தமான் ரங்கத் பஜாரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த கோவிந்தராஜ், நம்ம பக்கத்து வீட்டு அல்மாஸின் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. அவன் கடை வாசலில் பானு போட்ட சத்தம் மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்டதாம். கேட்காத மாதிரி நின்றவர்கள்தான் நிறைய.

முன்பெல்லாம் அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். அவனுடைய அக்கா, தம்பிக்காகப் பானுவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பிய நாளோடு அண்ணே போச்சு. பதிலும் வரவில்லை. பொங்கலுக்குள் சொல்கிறேன் என்றிருந்தாள். இவனுக்கு நாற்பது நெருங்குகிறது. தானே பொங்கித் தின்று கடையிலேயே படுக்கிற ஆள். ஃபேன் மாற்றிக் கொடுத்து மனசைப் பிடிக்கலாம் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

டிவியில் மாட்டி விளையாடுகிற அந்த கேம் பெட்டி பானுவின் புருஷன் நாகராஜுடையது. நிக்கோபார் பக்கம் கேம்பல் பே கப்பல் ஜெட்டியில் வேலை அவனுக்கு. "நீ பெட்டியோட முன்னாடி போ, நியூ இயருக்கு வந்துடறேன்" என்று அவளை அம்மா வீட்டுக்குக் கப்பல் ஏற்றிவிட்டான். அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அம்மாவும் போன பிறகு பானு ஒற்றை ஆள். இதெல்லாம் நடந்து நாலு வருஷம்.

சண்டை நடந்த அன்று சாயங்காலம்... மணி ஐந்தரை. நம்ம தீவில் டிசம்பர் மாசத்து ஐந்தரை எப்படி இருக்கும்? கும்மிருட்டு. கடைசி பஸ்ஸும் போயாச்சு. பஜாரிலிருந்து அவள் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காடு. கோவிந்தராஜ் சைக்கிளில் போகிறான். பையில் பழைய ஃபேன், பார்லரில் இரவல் வாங்கிய ஹேர் டிரையர், மீன்காரரிடம் வாங்கிய ஐஸ், சூடு காட்டுகிற மீட்டர். கண் முன்னாலேயே சோதித்துக் காட்டினால் கோபம் தணியும் என்று நினைப்பு.

மூடியைக் கழற்றிப் பழைய ஃபேனை மாட்டினான். மீட்டர் ஒயரை உள்ளே ஒட்டினான். டிரையரைக் காட்டினான். நாற்பது... முனகல். ஐம்பது... இரைச்சல். அறுபதில் வீடே அதிர்ந்தது. ஐஸ் பையை வைத்ததும் மெல்ல அடங்கியது.

"பார்த்தியா? சூடானா கத்தும், குளிர்ந்தா அடங்கும். பழையபடிதான்."

"இன்னும் நேரம் ஆகலை" என்றாள் பானு. தலை சீவிப் பூ வைத்திருந்தாள். அவனுக்காக என்று நினைத்துக்கொண்டான்.

டிரையரை அணைத்தான். ஐஸைக் கொண்டுபோய் வெளியே கொட்டினான். மீட்டர் நாற்பதில் நின்றது. மணி ஆறரை. சட்டையெல்லாம் வியர்வை.

முப்பத்தைந்து... இருபத்தெட்டு... இருபத்திரண்டு.

குளிர்ந்தால் அடங்க வேண்டியதுதானே? சத்தம் ஏறியது. ஙொய்ய்ங் என்று ஏறிக்கொண்டே போனது. சேற்று வாடை. உப்பில் ஊறிய துணியின் வாடை.

"வந்துட்டாரு" என்றாள். "தினம் இந்நேரத்துக்கு இந்தச் சத்தம் ஏறும். எனக்காகத்தான் வர்றாரு. அதான் உங்க அக்காவுக்குப் பதில் சொல்ல முடியலை."

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். இவனுக்கு ரிப்பேர்காரன் புத்தி. ஒயரைப் பிய்த்துக் கையில் பிடித்து, குளிர் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தான். கையை நீட்டினான். ஜன்னல் பக்கம் முப்பத்தொன்று, சாதாரண வீட்டுச் சூடு. பாய் மேல் முப்பத்தொன்று.

"என் பக்கம் பாருங்க." அவள் முகத்தில் வெட்கம்.

தோளருகே பார்த்தான். கன்னத்தருகே பார்த்தான். முப்பத்தொன்று.

"சரியாப் பாருங்க."

முப்பத்தொன்றுதான்.

ஒயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இடது தோளருகே... பத்தொன்பது. ரெண்டடி தள்ளி நின்றான். பத்தொன்பது. கதவு வரைக்கும் போனான். பத்தொன்பது. அவன் போன இடத்துக்கெல்லாம் அதுவும் போனது.

பானு மீட்டர் காட்டிய அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் தானாக நின்றது.

"கிளம்புங்க" என்றாள். அழவில்லை.

அதற்கப்புறம் அந்தச் சத்தம் ஏறவே இல்லை. பத்து நாள் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாளாம். பொங்கலுக்கு முன்னாலேயே பெட்டியைக் கடை வாசலில் வைத்துவிட்டு மெயின்லேண்ட் கப்பல் ஏறிவிட்டாள். விருத்தாசலம் பக்கம் சித்தி வீடு. இன்னும் ஒற்றை ஆள்தான்.

கோவிந்தராஜ் மறு வருஷமே மாயாபந்தர் திவ்யாவைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய்விட்டான். நல்ல பெண். அவனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டாள். தன் அக்காவிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

"அவருக்கு இடது பக்கம் நான் படுக்கிறதில்லைக்கா. ஒரே ஒரு நாள் படுத்தேன். பாதி ராத்திரியில ஒரு கை என்னைத் தள்ளிச்சு. அவரோட ரெண்டு கையும் வலது பக்கம் இருந்துச்சு."