கொம்பு போட்ட கோடு

— எத்தனை தடவை சொல்றது டாக்டரம்மா? பாலமேட்டு மஞ்சுவிரட்டுல மாடு குத்துன தழும்பு இது.

— நெஞ்சுக்குழியிலேருந்து தொப்புள் வரைக்கும் நேர்கோடா இருக்கே உக்கிரபாண்டி. மாடு ஸ்கேல் வச்சா குத்துச்சு?

— நல்லாக் கேட்டீக தாயி! நாகமலைப் பக்கம் வந்து எங்க வீட்டாளு பேரைச் சொல்லிப் பாருங்க. இந்தத் தழும்பைப் பாத்துத்தான் எங்கய்யா என்னையக் கட்டிக் குடுத்தாரு.

— நீ சும்மா கெட சோலை. பொம்பள டாக்டரு, வாடிவாசலை எங்கிட்டுப் பாத்திருக்கு?

— சரிங்க வீரரே. ரெண்டு பக்கமும் புள்ளி புள்ளியா இருக்கே, இது யார் போட்ட கோலம்?

— நாட்டு வைத்தியரு கோணி ஊசியில தச்சது. ஆம்பள வயித்துல கத்தி வைக்க விடுவானா? இவ தம்பி மருது எழுபத்தெட்டாம் வருசம் வயித்துவலின்னு பொம்பள மாதிரி உருண்டான். குடல் ஆபரேஷனுக்குன்னு மாட்டு வண்டியே பூட்டிட்டாங்ய. நாந்தான் மாட்ட அவுத்துவிட்டேன்.

— ஆமா தாயி. வயித்தக் கிழிச்சு எவன் பொழச்சான்னு இவரு கேட்டாரு. நாங்களும் சரின்னுட்டோம். மறுநா விடியுமுன்ன போய்ச் சேந்துட்டான். அவன் விதி அம்புட்டுத்தான்.

— விதியா! நல்ல குடும்பம்மா. இங்க கேளுங்க உக்கிரபாண்டி. உங்க கிட்னி ரெண்டும் வேலையை விட்டுடுச்சு. தொப்புளுக்குக் கீழ இந்தக் கம்பியால ஓட்டை போட்டு, குழாய் வழியா மருந்துத் தண்ணியை உள்ள விட்டு வடிக்கணும். ரத்தத்துல இருக்கிற அழுக்கு அதோட வந்துடும். ஆனா முன்னாடியே வயித்தைத் திறந்திருந்தா குடல் உள்ள ஒட்டிக்கிட்டு நிக்கும். தெரியாம குத்தினா கம்பி குடல்லயே இறங்கிடும்.

— எறங்குனா?

— சீழ் வச்சுச் சாக வேண்டியதுதான். மாடு குத்துனதுன்னே எழுதிக்கிறேன். படுங்க, குத்தலாம்.

— இருங்கம்மா! அந்தக் கம்பியக் கீழ வைங்க.

— ஏன்? கொம்புக்கு நின்ன வயிறுதானே?

— ...ஆபரேஷன்தாம்மா. இருபது வயசுல கோயமுத்தூரு மில்லு வேலைக்குப் போன எடத்துல, குடல் புண்ணு ஓட்டையாயிருச்சு. ஊருல ஒருத்தருக்கும் தெரியாது.

— அப்ப கத்தி வைக்கலைன்னா என்ன ஆயிருக்கும் உக்கிரபாண்டி?

— அன்னைக்கே செத்திருப்பேன்.

— இதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரம், ஒரு காளைமாட்டு மேல பழி வேற. போகட்டும், இனி பயமில்லை. சின்னதாக் கீறி, உள்ள கண்ணால பாத்தே குழாயை வைக்கிறேன். சோலையம்மா, இந்தக் காயிதத்துல கைநாட்டு வைங்க. ...சோலையம்மா? மை காயுது பாருங்க.

— வைக்கிறேன் தாயி. அதுக்கு முந்தி இந்தாளு ஒண்ணு சொல்லட்டும். ஏன்யா, மருதுக்குப் பூட்டுன மாட்ட எதுக்குய்யா அவுத்துவிட்ட?