படம் இல்லாத செய்தி

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது ஐயா. மற்றவர்களுக்கு வாங்கி அனுப்பியே அதன்மேல் வெறுப்பு வந்துவிட்டது.

நாங்கள் ஐந்து பேர். நேரில் சந்தித்துக்கொண்டதில்லை, கைப்பேசிக் குழுவில்தான் பழக்கம். பல் டாக்டர், கணக்கு வாத்தியார், வங்கியில் வேலை பார்க்கும் அக்கா, தையல்காரி, நான். காலை பதினொரு மணிக்குள் ஆளுக்கொரு சுடச்சுடச் செய்தி போட வேண்டும். இன்னொருவர் போட்டதையே போட்டால் தண்டம்: மற்ற நால்வருக்கும் கேக்கோ ஐஸ்கிரீமோ அனுப்பியாக வேண்டும். படம் இல்லாத செய்தி செல்லாது. இது வாத்தியார் வைத்த விதி. எல்லாம் விளையாட்டுதான், நான் மறுக்கவில்லை.

தண்டம் கட்டுவது எப்போதும் நான்தான். என் வேலை அப்படி. ஆறு மாடிக் கட்டடத்தின் கண்காணிப்பு அறையில் கேமராக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே கைப்பேசி கூடாது. இடைவேளையில் வெளியே வந்து நான் ஒன்றைப் போடுவதற்குள் அது ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கும். தையல்காரிதான் எனக்கு ‘நமுத்துப்போன பிஸ்கட்’ என்று பெயர் வைத்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

கேக் அனுப்ப அவள் தன் தையல் கூடத்தின் முகவரியைக் கொடுத்திருந்தாள். என் கட்டடத்தின் மூன்றாவது மாடி அது. நான் கீழேதான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவுமில்லை. நான் அனுப்பிய கேக்கை அவள் கூட வேலை செய்யும் பெண்களுக்குப் பங்கு போடுவதைக் கேமராவில் பார்ப்பேன். “பிஸ்கட்டு புண்ணியத்துல இன்னைக்கும் கேக்குடி” என்று சொல்லியிருப்பாள். கேமராவில் சத்தம் வராது. ஆனால் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அன்று கைப்பேசியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போயிருந்தேன். ஒரு வாரமாகவே அப்படித்தான். பத்து நாற்பத்தொன்றுக்கு என் மேசைப் பலகையில் மூன்றாவது மாடித் துணிக் கிடங்குக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் புகை தெரிந்தது. தானாக அடிக்கும் அபாய மணி அடிக்கடி பொய்யாக அடிக்கிறதென்று நிர்வாகம் அதை நிறுத்தி வைத்திருந்தது. பொத்தானை நான்தான் அழுத்த வேண்டும்.

அழுத்தினால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். கட்டடம் முழுக்க வெளியே ஓடும். ஐந்நூறு கைப்பேசிகள் படம் எடுக்கும். என் செய்தி மறுபடியும் நமுத்துப்போகும்.

அதனால் முதலில் படம் எடுத்தேன். புகை மட்டும் தெரிந்தது, சரியாக வரவில்லை. தீ தெரியட்டும் என்று காத்திருந்தேன். தையல் கூடத்துக்கு வழி அந்தக் கிடங்கைத் தாண்டித்தான் என்பது எனக்குத் தெரியும். மற்றப் பெண்கள் தேநீருக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். அவள் இறங்கவில்லை. அதையும் பார்த்தேன்.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் படத்தைப் போட்டேன். ‘பெரிய கட்டடத்தில் தீ. உங்களுக்கு முதலில் சொல்வது நான்.’

டாக்டர் உடனே பதில் போட்டார்: “இதுவும் பழசுய்யா. மேல தள்ளிப் பாரு.”

பார்த்தேன். மூன்று நிமிடத்துக்கு முன்பே தையல்காரி எழுதியிருந்தாள்: “எங்க மாடியில ஏதோ தீயுற வாசம். நம்ம பிஸ்கட்டை யாரோ மொறுமொறுன்னு ஆக்குறாங்க போல. மணி அடிக்கல, அதனால ஒண்ணும் இருக்காது. உக்காந்து நல்ல செய்தியா தேடிட்டிருக்கேன்.”

வங்கி அக்கா பதறினாள். “ரெண்டும் ஒரே கட்டடமா? அவ ஃபோன எடுக்க மாட்டேங்குறா. யாராவது மணி அடிக்கச் சொல்லுங்களேன்.”

மணியை அடித்தது பத்து ஐம்பத்தேழுக்கு. உங்கள் பதிவேட்டில் இருக்கும் நேரம் சரிதான். நடுவில் இருக்கும் ஐந்து நிமிடத்தைத்தானே கேட்கிறீர்கள். பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. நான் குழுவிலேயே வாத்தியாருக்கு எழுதினேன்: “அவங்க போட்டதுல படம் இல்ல. படம் இல்லாத செய்தி செல்லாது. நீங்க வெச்ச விதிதான் சார். தீர்ப்பு சொல்லுங்க.” அவர் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

இன்றுவரை அவர் பதில் சொல்லவில்லை. மூன்று பேரும் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். செத்துப்போனவளின் பெயர் மட்டும் இன்னும் குழுவில் இருக்கிறது. யாரும் மறுக்கவில்லை என்றால் அன்றைக்கு முதலில் சொன்னது நான்தான் என்று அவர்களும் ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம், ஐயா.