மூடாத ஷட்டர்

விடியக்காலம் ஆறே கால். பழைய குற்றாலம் போகிற ரோடு. சாரல் பிடித்து மூன்று நாளாகிறது, ரோட்டில் ஒரு ஆட்டோ கிடையாது, நாய்கூடக் கிடையாது. அங்கே ஓர் ஆள் ஒற்றையாய் நிற்கிறான்... கையில் பின்கதவு திறந்த கேமரா, இன்னொரு கையில் செல்போன்.

இது நம்ம குமரகுருவின் சித்தப்பா மகனுக்கு நடந்தது. கோமதிசங்கர். மில்லில் நெல்மூட்டை சுமந்துவிட்டு, பிறகு கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போனவன். பேய் என்று சொன்னால், "அதுக்குக் கூலி எவன் குடுக்கான்?" என்று கேட்கிறவன்.

அந்தக் கேமராவைச் செங்கோட்டையில் பழைய சாமான் கடையில் பிடித்தான். அகல ஃபிலிம் போடுகிற பெட்டிக் கேமரா. மேலேயிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். முதல் ரோலைப் பழைய குற்றாலத்தில் எடுத்துக் கழுவினால், பன்னிரண்டும் வெளிச்சம் மிஞ்சின ஓவர் எக்ஸ்போஸ். நெகட்டிவ் அடுப்புக்கரி மாதிரி. பின்கதவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தான், இல்லை. லென்ஸ் துவாரம் சுருங்குகிறதா, சுருங்குகிறது. வீட்டில் வைத்து அமுக்கினால் ஷட்டர் ஒழுங்காக மூடுகிறது. ஷட்டர் தகடுகளைத் துடைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று இரண்டாவது ரோலோடு போனான்.

கூட வந்தவன் தாணு. கோமதிசங்கரின் அக்கா நிர்மலாதேவிக்கு ஒரே மகன், இருபத்துநாலு வயசு. பன்னிரண்டாவது படத்துக்கு அருவிக்குக் கீழே பாறையில் நின்றான். கேமரா ஸ்டாண்டில். கோமதிசங்கர் குனிந்து அமுக்கினான். ஷட்டர் திறந்த சத்தம் கேட்டது. மூடின சத்தம்... உடனே கேட்கவில்லை. கேட்டபோது நிமிர்ந்தான்.

பாறை மட்டும் இருந்தது.

பன்னிரண்டு நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. ஆனால் பையன் கேரளாவுக்கு வேலைக்குப் போகப்போவதாக வீட்டில் சண்டை போட்டிருந்தான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே சங்கரு, படத்தக் கழுவுலே. ரோட்டுப் பக்கம் எறங்குனானா, தண்ணிப் பக்கம் எறங்குனானா... அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

படத்தில் தெரியும். ஷட்டர் மூடத் தாமதித்த நேரம் முழுக்க தாணு அசைந்தது ஃபிலிமில் கோடாய் இழுத்திருக்கும். ஆனால் வழக்கம்போலக் கழுவினால் கரிதான். எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று தெரிந்தால், கழுவுகிற மருந்தில் ஃபிலிம் கிடக்கிற நேரத்தைக் குறைத்து மீட்கலாம். வீட்டில் ஒழுங்காக மூடுகிற ஷட்டர் அங்கே வந்தால்தான் திணறுகிறது; அதற்குத்தான் அந்த ரோலைக் கழற்றி வைத்துவிட்டு, காலிக் கேமராவோடு, படம் எடுத்த அதே நேரத்துக்கு அந்த ரோட்டுக்கு வந்திருந்தான்.

ஷட்டரைச் செகண்டில் பதினைந்தில் ஒரு பங்குக்கு வைத்து, செல்போனில் செகண்டை ஓடவிட்டான். அமுக்கினான். க்ளிக்... ஒன்று... இரண்டு... மூன்று. க்ளக். திரும்ப அமுக்கினான். மூன்று. பின்பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்த்தான். தகடுகள் மூடத்தான் வருகின்றன. பாதியில் நடுங்கி நிற்கின்றன, நடுவில் யாரோ விரலைக் கொடுத்த மாதிரி. லென்ஸிலிருந்து பாசி நாற்றம் வந்தது. ஈரம், எண்ணெய் இறுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். 'மூன்று' என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

மேலகரத்தில் அக்கா வீடு. நல்ல பகல், பதினோரு மணி. அவள் மடியில் பீடித்தட்டு, கையில் இலை வெட்டுகிற கத்தரி. எதிரே மேசையில் இவன் கருப்புத் துணிப்பையை விரித்தான். இரண்டு சட்டைக்கை வைத்த பை அது. கையை உள்ளே விட்டால் எலாஸ்டிக் முழங்கையைக் கவ்வும், பொட்டு வெளிச்சம் நுழையாது. உள்ளேயே தடவித் தடவி ஃபிலிமைச் சக்கரத்தில் ஏற்றி டப்பாவில் அடைக்க வேண்டும். பாதியில் பை திறந்தால் படம் செத்தது.

ரோலை உள்ளே போட்டு, இரண்டு கையையும் விட்டு, ஃபிலிமோடு சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தான். ஃபிலிம் நுனியைச் சக்கரத்தில் செருகினான். ஒரு சுற்று... இரண்டு சுற்று...

வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஜில்லென்று, தண்ணீரில் ஊறின கை. இழுத்தான். விடவில்லை. வேர்வை கண்ணில் இறங்குகிறது, துடைக்கக் கையில்லை.

"என்னலே முழிக்க?"

"யக்கா... பையை வெட்டிரு."

"படம் போயிருமே."

"போட்டும். உள்ள ஒரு கை பிடிச்சிருக்கு, விட மாட்டேங்கு."

அவள் கத்தரியைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏலே, எம்புள்ள கையா?"

 வேறு யார் கையாக இருக்கும் என்றுதான் அவனும் நினைத்தான்.

"இடது கைய மெதுவா உருவு," என்றாள். அவன் கை வர வர, அதே சட்டைக்கைக்குள் அவள் கை ஏறியது. உள்ளே அவன் மணிக்கட்டில் பிடி தளர்ந்தது. அவன் வலது கையையும் உருவிக்கொண்டான்.

அவள் முகம் இளகியது. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிக்கப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவுகிறாள் என்பது தோள் அசைவில் தெரிந்தது. பிறகு தோள் நின்றுவிட்டது.

"சங்கரு... இது தாணு கை இல்லலே."

"எடுத்துரு யக்கா."

"எடுக்க விடுதில்ல."

அவன் கத்தரிக்குப் பாய்ந்தான். அதற்குள் அவள் கை தோள்வரைக்கும் பைக்குள் போயிருந்தது. மேசைமேல் அந்தப் பை, மடித்த துண்டு மாதிரி... தட்டையாகத்தான் கிடந்தது.