பத்துக்கு மூன்று என்று சொன்னவருக்கு

முழங்கால் வலிக்கு முனகாமல் மூன்று மாடி ஏறியவரே! ஏறி முடித்ததும் எதிரே நிற்கும் பெற்றோரைப் பார்த்து, "முதல்ல மூச்சு வாங்கிக்குங்க, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லி, அந்தச் சாக்கில் தாமும் மூச்சு வாங்கிக்கொண்டவரே! வெளிமாநிலக் கல்லூரிகளின் வாசல்வரை எங்கள் பிள்ளைகளை விரல் பிடித்து நடத்திய வித்தகரே! மெய்யை மென்று விழுங்காத மேன்மையரே! இப்பள்ளியின் உயர்கல்வி ஆலோசகராக இருபத்தாறு ஆண்டுகள் இருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அம்மையீரே, பிள்ளைகள் வாயில் 'சான்ஸ் டீச்சர்' என்று வழங்கும் பெருமாட்டியே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

அலங்காரம் உங்களுக்கு ஆகாது என்று தெரியும். இருந்தாலும் பாராட்டு மடல் என்றால் நாலு அடைமொழி இல்லாமல் சபை ஒப்பாது. பொறுத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் உங்களுக்குப் பிடித்த வகையில், பட்டவர்த்தனமாகவே இருக்கும்.

மூன்றாம் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், முன்பு ஆய்வகச் சாமான் போட்டு வைத்திருந்த அறையை உங்களுக்குக் கொடுத்தோம். ஸ்பிரிட் வாடை இன்றும் போகவில்லை. ஒரு கால் குட்டையான ஸ்டூல், ஒரு தொலைபேசி, ஓயாமல் உறுமும் மோட்டார். அந்த அறைக்குள் இருந்துகொண்டுதான், பெயரை மட்டுமே நாங்கள் கேள்விப்பட்டிருந்த கல்லூரிகளுக்குள் எங்கள் பிள்ளைகளை அனுப்பினீர்கள். நீங்கள் போனில் பேசும்போது மோட்டாரை அணைக்க வேண்டும் என்று எங்கள் அலுவலக உதவியாளருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உங்கள் "ஹலோ, ஹலோ" கேட்டாலே அவர் கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விடும்.

வேறு ஆலோசகர் அறைகளில் வென்ற பிள்ளைகளின் படங்கள் தொங்கும். உங்கள் சுவரில் தொங்குவதோ, உங்கள் கணிப்பைப் பொய்யாக்கிய பிள்ளைகளின் படங்கள்! தச்சர் மகனிடம், "வெளிமாநிலக்காரனுக்கு அங்க இருக்கிறதே கொஞ்சம் இடம். அதுல ஸ்காலர்ஷிப்போட உனக்குப் பத்துக்கு ஒண்ணுகூடத் தேறாதுப்பா" என்றீர்கள். அவன் முறைத்துக்கொண்டு விண்ணப்பித்தான். இடமும் வந்தது, உதவித்தொகையும் வந்தது. நேரே மாடியேறி வந்து, "டீச்சர், உங்க கணக்கு ஊத்திக்கிச்சு!" என்றான். நீங்கள் சிரித்த சிரிப்பு கீழே மைதானம்வரை கேட்டது. "போட்டோ குடுடா முதல்ல, மாட்டணும்" என்றீர்கள்.

உடற்பயிற்சி ஆசிரியர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "ஜோசியக்காரன்கூட தப்பாப் போன ஜோசியத்தை மாட்டி வைக்க மாட்டான் டீச்சர்" என்று கிண்டலடித்தார்.

"அதனாலதான் சார் அவன் ஜோசியக்காரன்" என்றீர்கள். அவர் விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு இறங்கினார். சுவரைப் பார்த்த பிள்ளைகளோ எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள். டீச்சர் சொன்னதும் தப்பாகலாம், முட்டிப் பார்ப்போம் என்ற துணிச்சல் அந்தச் சுவரில்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

நாங்கள் அப்படியல்ல. "நல்லாப் படிக்கிற பொண்ணு, எல்லாம் கிடைச்சிடும்மா" என்று இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். கிடைக்காத அன்று அழுகிற பிள்ளைக்கு எதிரே அந்தக் குட்டைக்கால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தான். உடம்பு நோக உழைத்துச் சாப்பிடுகிற குடும்பத்துக்குப் பொய் நம்பிக்கை கொடுப்பதுபோல் கொடுமை வேறில்லை. அவர்களுக்கு ஏமாந்து எழுந்து நிற்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. இது படித்துத் தெரிந்துகொண்டதல்ல. இங்கே ஆசிரியர்களாக இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தாம்.

வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "கிடைச்சா அனுப்புவீங்களா?" ஆசைக்கு விண்ணப்பித்துவிட்டு, கிடைத்தபின் "அவ்வளவு தூரமா?" என்று பின்வாங்கும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து நீங்கள் கற்ற கேள்வி அது. ஒருவர் தாமதமாக விலகினால் காத்திருக்கும் இன்னொரு பிள்ளையின் நாட்கள் வீணாகும் என்பதை எங்களில் யார் யோசித்தோம்?

இந்த ஆண்டு அந்தக் கேள்வியைச் சந்தையில் மூட்டை தூக்கும் அண்ணனிடம் கேட்டீர்கள். பக்கத்தில் அவர் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெளிமாநிலத்தில் பொறியியல், அங்கே வெளியாருக்குக் கட்டணம் இரண்டு மடங்கு. உதவித்தொகை வந்தால்தான் அந்தப் படியை அவள் மிதிக்க முடியும். அண்ணன் மகள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அனுப்புவேன் டீச்சர். இவங்கம்மா ஒரு மாசம் எங்கிட்ட பேச மாட்டா. ஆனா அனுப்புவேன்."

"அப்ப சொல்றேன். சீட்டு கிடைக்கும். ஸ்காலர்ஷிப் பத்துக்கு மூணுதான்."

மகள் முகம் வாடிவிட்டது. அவரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரவால்ல டீச்சர். கனம் எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லிட்டீங்க. இனி தூக்கிப் பாக்குறேன்" என்றார்.

நீங்கள் சொன்னபடியே இடம் கிடைத்தது. உதவித்தொகையில் காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறாள். உதவித்தொகை கிடைத்தவர்களில் ஒருவர் விலகினால் போதும். ஆனால் விலகிய அன்றே பள்ளியிலிருந்து யாராவது பேசி உறுதி சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அதற்காக ஒவ்வொரு காலையும் அந்தக் கல்லூரிக்குப் போன் போட்டீர்கள். "மேடம், நேத்துதானே கேட்டீங்க?" என்று அங்கிருந்த எழுத்தர் அலுத்துக்கொள்வார். "நேத்து கேட்டது நேத்தைக்குப்பா. இன்னிக்கு யாராவது விலகினாங்களா?" என்பீர்கள். நாங்கள்கூடக் கேட்டோம்: "என்ன டீச்சர், இப்படிப் பிச்சை கேக்குறீங்க?"

"பிச்சை இல்ல, பேரம். காய்கறிக்குப் பேசுற வாயி, பிள்ளை படிப்புக்குப் பேசக் கூடாதா?"

உதவித்தொகை கிடைத்தவர்கள் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டிய கடைசி நாள் வரும் திங்கட்கிழமை. உங்களுக்குக் கடைசி நாள் இன்று, வெள்ளிக்கிழமை. பணியில் இல்லாதவர் பேசினால் அந்தக் கல்லூரி கேட்காது. உங்கள் இடத்துக்கு ஆள் போடுவது பற்றி நிர்வாகம் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

அம்மையீரே! மாடிப்படி இல்லாத வீட்டில், ஸ்பிரிட் வாடை இல்லாத காற்றில், வலிக்காத முழங்காலோடு நீங்கள் நெடுங்காலம் நடமாட வேண்டும். காலை காபி ஆறுவதற்கு முன் குடிக்கும் கொடுப்பினை இனியாவது உங்களுக்கு வாய்க்க வேண்டும். பிள்ளைகள் கூப்பிட்டால் எடுங்கள். நாங்கள் கூப்பிட்டால் யோசித்து எடுங்கள். உங்கள் கணிப்பு இன்னும் ஒரே ஒரு முறை பொய்த்துப்போக வேண்டும் என்றும் வாழ்த்துகிறோம். அதற்கென்று போன வாரம் சுவரில் நீங்களே ஓர் ஆணி அடித்து வைத்திருப்பதைப் பார்த்தோம். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மூட்டை தூக்கும் அண்ணனும் அவர் மகளும் இதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று வாசலில் அவர் எங்களைப் பார்த்து, "டீச்சர் போயிட்டா திங்கக்கிழமை யாரு சார் பேசுவாங்க?" என்று கேட்டார். அதற்கான பதிலை இந்த மடலின் கடைசியில் எழுதிச் சேர்த்தோம். இந்த மடலைச் சட்டம் போட்டு உங்கள் வீட்டில் மாட்டும்போது, கீழே இருக்கும் இந்த வரிகளும் சேர்ந்தே தொங்கட்டும்.

திங்கட்கிழமை காலை மூன்று மாடி ஏறி, மோட்டாரை அணைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்காக நாங்கள் போனில் பேச வேண்டும். உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் அது. இன்னும் தீர்க்கவில்லை.

இங்ஙனம்,
கீழ்த்தளத்தில் உட்கார்ந்தே பழகிப்போன
உங்கள் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும்